கோமதிக்கு வந்த சீமைக் கடிதம்

1950ஆம் வருஷம் ஆனி மாதம் முழுவதும் எங்கள் வீட்டில் யாரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. தபால்காரர் எங்கள் தெருவுக்குள் திரும்பும் நேரம் காலை பத்தரை. அந்த நேரத்துக்கு என் மகள் கோமதி ஏதாவது ஒரு வேலையைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் வருவாள். பத்து நாற்பதுக்கு உள்ளே போய்விடுவாள். நானும் கவனிக்காதது போல இருப்பேன். மாதக் கடைசியில் ஒரு நாள் அவள் வாசலுக்கு வரவில்லை. அன்றுதான் எனக்குப் பயம் வந்தது. என் பிள்ளை மனசை விட்டுவிட்டாள் என்று தெரிந்தது.

நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். அம்பாளின் அருளைச் சொல்ல எதையும் கூட்ட வேண்டியதில்லை.

நான் சங்கரன்கோவிலில் ஒரு தினப் பத்திரிகைக்கு ஏஜென்ட். நிருபரும் நானே. காலை ரயிலில் வரும் பத்திரிகைக் கட்டை ஸ்டேஷனில் இறக்கி, பிரித்து, வீடுகளுக்கு அனுப்புவேன். மழை, திருவிழா, தாலுகா ஆபீஸ் உத்தரவு, எதுவானாலும் செய்தி எழுதித் தந்தியிலோ தபாலிலோ அனுப்புவேன். தந்தியில் ஒரு வார்த்தை கூடினாலும் ஆபீசிலிருந்து கேள்வி வரும். வேண்டாத வார்த்தையை வெட்டுவதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடம். எனக்கு அது நன்றாக வரும் என்று ஒரு கர்வம் இருந்தது.

பல் மருத்துவம் படிக்க வேண்டும் என்ற ஆசை என் மகளுக்கு வீட்டிலேயே பிறந்தது. அவள் நாலாம் பாரம் படிக்கும்போது என் மனைவிக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. சந்தைக்கு வந்த பல் பிடுங்குகிறவனிடம் காட்டினோம். அவன் குறட்டால் இழுத்தான். பாதிப் பல் கையோடு வந்தது, பாதி உள்ளே நின்றது. ஒரு வாரத்தில் தாடை வீங்கிக் கண் மூடிவிட்டது. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் கிடந்தாள். அந்த இரண்டு மாதமும் காயத்தைக் கழுவித் துணி மாற்றியவள் கோமதி. அப்போது அவளுக்குப் பதினான்கு வயது. அருவருப்புப் பட்டு அவள் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. ஒரு நாள் டாக்டரிடம், "மிச்சப் பல்லையாவது காப்பாத்த முடியுமா சார்?" என்று கேட்டாள். அவர் சிரித்துவிட்டு, "அதுக்குன்னு தனிப் படிப்பு இருக்கும்மா" என்றார். அவள் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள்.

பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கி இன்டர்மீடியட் முடித்தாள். முதல் வகுப்பு. சென்னையில் அப்போது பல் மருத்துவக் கல்லூரி இல்லை. கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் எழுதிப் பார்த்தோம். இடம் கிடைக்கவில்லை. கடைசியில் இங்கிலாந்தில் ஒரு கல்லூரிக்கு மனுப் போட்டோம். செலவுக்கு விற்க என் மனைவி சீதனமாகக் கொண்டுவந்த வாசுதேவநல்லூர் வயல் இருந்தது. "பல்லால வந்த ஆசை, வயலால நடக்கட்டும்" என்றாள் அவள்.

ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. என் அக்காளிடம் மட்டும் மறைக்க முடியவில்லை. அவள் மகன் தாலுகா ஆபீசில் குமாஸ்தா, நல்ல பையன். கோமதி அவனுக்குத்தான் என்று சின்ன வயசிலேயே பேச்சு. அக்கா வந்து உட்கார்ந்தாள்.

"ஏலே, பல்லப் புடுங்குறதுக்குக் கப்பல் ஏறிப் போவாகளா? நம்ம ஊர்ல கொறடே கெடையாதாக்கும்."

"புடுங்குறதுக்கு இல்லக்கா. புடுங்காம இருக்குறதுக்கு."

"நீ பேப்பர்ல எழுதுதவன். ஒன்கிட்டப் பேசி ஜெயிக்க முடியுமா? ஏட்டி கோமதி, நீ சொல்லு. இன்னும் எத்தன நாளுக்கு என் மவன் காத்துக் கெடக்கணும்?"

கோமதி யோசித்துத்தான் பதில் சொன்னாள். "ஆடி முடியுத வரைக்கும் பொறுங்க அத்தை. அதுக்குள்ள கடுதாசி வரலைன்னா, ஆவணியில நீங்க சொல்லுத நாள்ல கழுத்த நீட்டுதேன்."

"வாக்கு?"

"வாக்குதான்."

அக்காள் எழுந்து போனபோது முகத்தில் கோபமில்லை. தான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தாள். நாள் போகப் போக நானும் அப்படித்தான் நினைத்தேன்.

தபால்காரரிடம் தினமும் கேட்டேன். "எனக்கு ஏதும் இருக்கா?"

"ஒண்ணும் இல்ல அண்ணாச்சி" என்பார். அது உண்மை. எனக்கு ஒன்றும் வரவில்லை.

மகளுக்கு ஏதும் வந்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் விஷயம் தெருவுக்குப் போய்விடும், இடம் கிடைக்காவிட்டால் அவமானம் என்று பயந்தேன். கலெக்டரையே நிற்கவைத்துக் கேள்வி கேட்ட ஆள் நான். என் மகள் விஷயத்தில் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை. ஆனி பாதியில் கல்லூரிக்கு நினைவூட்டி ஒரு கடிதமும் போட்டேன். பதில் இல்லை. ஆடி பிறந்தது.

ஆடித்தபசுக் கொடியேற்றத்தன்று வழக்கம் போல நோட்டுப் புத்தகமும் பென்சிலுமாகக் கோயிலுக்குப் போனேன். எங்கள் ஊரில் கோமதி அம்பாள் ஒற்றைக் காலில் தவம் நிற்கும் நாட்கள் அவை. அப்போது கோயிலைச் சுற்றி வருகிறவர்கள் அவளுடைய கால்வலியில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறார்கள் என்பது ஊர் நம்பிக்கை. ஆடிச்சுற்று என்போம். நூற்றெட்டு முறை சுற்றுவார்கள். சிலர் அதற்கு மேலும் சுற்றுவார்கள். பல வருஷமாக இந்தத் திருவிழாவை நான் எழுதிவருகிறேன். கூட்டம் எவ்வளவு, பஸ் எத்தனை, மழை வந்ததா, எல்லாம் எழுதியிருக்கிறேன். ஒரு சுற்றுகூட நான் சுற்றியதில்லை.

வெளிப்பிரகாரத்தில் பெண்கள் கூட்டத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். அதில் ஒரு பெண் என் மகள். மடியில் புளியங்கொட்டை கட்டியிருந்தாள். ஒரு சுற்று முடிந்ததும் ஒரு கொட்டையை எடுத்து மதில் ஓரம் போட்டாள். வீட்டில் சொல்லாமல் வந்திருக்கிறாள். என்னைப் பார்த்தாள், நிற்கவில்லை. நடந்து போய்விட்டாள். வெயிலில் கல் சுட்டது. அவள் காலைத் தூக்கித் தூக்கி வைத்ததைப் பார்த்தேன்.

நோட்டுப் புத்தகத்தைப் பையில் வைத்தேன். செருப்பை முன்பே விட்டிருந்தேன். நானும் நடக்கத் தொடங்கினேன்.

என்ன வேண்டிக்கொண்டேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். இடம் கொடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இத்தனை வருஷம் வேடிக்கை பார்த்தவன் எப்படிக் கேட்பது? "அம்மா, உண்டு என்றோ இல்லை என்றோ ஒரு வரி வரட்டும். எது வந்தாலும் ஏற்றுக்கொள்கிறோம். என் பிள்ளை ஒன்றும் தெரியாமல் கழுத்தை நீட்ட வேண்டாம்." இவ்வளவுதான். நான் கேட்டது ஒரு செய்தி. முதல் நாள் முப்பது சுற்று. இரண்டாம் நாள் முப்பது. இரவில் பாதம் எரிந்தது. என் மனைவி எண்ணெய் தடவிவிட்டாள், ஏன் என்று கேட்கவில்லை.

மூன்றாம் நாள் காலை. சுற்று எண்ணிக்கை எழுபதைத் தாண்டியிருந்தது. ஒரு அம்மாள் எனக்கு எதிரே வந்து நின்றாள். நாற்பது வயது இருக்கும். தெருவில் எல்லோரும் பினாங்குக்காரர் வீடு என்று சொல்லும் வீட்டுக்காரி. கணவர் பினாங்கில் கடைக் கணக்குப்பிள்ளை. ஜப்பான்காரன் மலேயாவுக்குள் வந்த பிறகு அவரிடமிருந்து கடிதம் இல்லை. அவள் நெசவுக்காரர்களுக்கு நூல் சுற்றிக் கொடுத்துப் பிழைத்தாள். இது ஊருக்குத் தெரிந்த கதை. அவளோடு நான் அதற்கு முன்னால் பேசியதில்லை.

"அண்ணாச்சி, ஒரு நிமிசம். நீங்கதான பேப்பர்க்கார அண்ணாச்சி?"

"ஆமா."

"இங்கிலீசு படிப்பீகள்லா?"

"படிப்பேன்."

இடுப்பிலிருந்து ஒரு மஞ்சள் துணியை எடுத்தாள். அவிழ்க்கவில்லை. "ஒரு கடுதாசி இருக்கு. வந்து ஒண்ணரை மாசம் ஆச்சு. இன்னும் பிரிக்கல. நூத்தியெட்டு முடிச்சிட்டுத்தான் பிரிக்கணும்னு நேந்துக்கிட்டேன். இப்பத்தான் முடிச்சேன்." துணியை என் கையில் வைத்தாள், ஆனால் விடவில்லை. "சீமையிலேருந்து வந்திருக்குன்னு தபால்காரர் சொன்னாரு. கவர்மெண்டு காயிதம் மாதிரி இருக்குன்னாரு. அவுக போயிட்டாகன்னுதான் எழுதியிருப்பான். அப்படி இருந்தா, 'இல்லை'ன்னு ஒரு வார்த்தை மட்டும் சொல்லுங்க. மத்தது ஒண்ணும் படிக்க வேண்டாம்."

துணியை அவிழ்த்தேன். நீளமான உறை. மஞ்சள் பொடி ஒட்டியிருந்தது. ராஜா தலை போட்ட தபால்தலை. டைப் அடித்த விலாசம்: மிஸ் எஸ். கோமதி, சங்கரன்கோவில், தென்னிந்தியா.

தெருப் பெயர் இல்லை. தகப்பன் பெயருக்கு முதலெழுத்து மட்டும். அந்த விலாசத்தை நான் அறிவேன். மனுவில் அதை எழுதியவன் நான். சுருக்கமாக இருக்க வேண்டும் என்று மற்றதையெல்லாம் வெட்டியவனும் நான். மூன்று வீட்டுக்கு ஒரு கோமதி இருக்கிற ஊரில், கோமதி, சங்கரன்கோவில் என்று எழுதிக் கடல் தாண்டி அனுப்பியிருக்கிறேன். நினைவூட்டிப் போட்ட கடிதத்திலும் அதே விலாசம். தபால்காரர் மேல் குற்றமில்லை. எங்கள் தெருப் பக்கம் அதற்கு முன் வெளிநாட்டுத் தபால் வந்தது அந்த ஒரு வீட்டுக்குத்தான். அவள் பெயர் கோமதி. கணவர் சுப்பையா. எஸ். கோமதி.

உறையைப் பிரித்துப் படித்தேன். வழக்கப்படி இரண்டாம் முறையும் படித்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லிருங்க அண்ணாச்சி. நான் தாங்குவேன்."

என் செய்தியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அந்த நேரத்தில் புத்தி கொடுத்தவள் அம்பாள். "அம்மா, இது உங்க வீட்டுக்காரரப் பத்தினது இல்ல. அவரப் பத்தி இதுல ஒரு எழுத்துக்கூட இல்ல."

"இல்லன்னா?"

"அவருக்கு ஏதோ ஆச்சுன்னு யாரும் எழுதல. இது என் மகளுக்கு வந்தது. அவளுக்கும் கோமதிதான் பேரு. விலாசத்த நான் சரியா எழுதல. தப்பு என்னோடது."

அவள் அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டாள். சுற்றி வந்த கூட்டம் விலகி நடந்தது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணரை மாசமா மஞ்ச டப்பாவுக்குள்ள வச்சுக்கிட்டு சோறு எறங்காம கெடந்தேன். இந்த ஊர்ல பொம்பளப் புள்ளைக்கு வேற பேரே வைக்கத் தெரியாதா ஒங்களுக்கெல்லாம்?"

"ஒங்க அப்பாகிட்டயும் கேக்கணும்லா?"

"அவரு மேல போயிட்டாரு. தப்பிச்சுக்கிட்டாரு." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ஒங்க மகளுக்கு நல்ல சேதிதான?"

"நல்ல சேதிதாம்மா."

"அப்ப இங்க ஏன் நிக்கீக? போய்ச் சொல்லுங்க."

கோமதி பிரகாரத்தின் மேற்குப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். ஓடிப்போய்ப் பிடித்தேன். கடிதத்தை நீட்டினேன். அவள் பார்த்தாள், ஆனால் நிற்கவில்லை.

"நடந்துக்கிட்டே சொல்லுங்கப்பா. எண்ணிக்க தப்பிரும்."

ஆகவே நடந்துகொண்டே படித்தேன். முதல் வரியை இங்கிலீஷில், பிறகு தமிழில். அக்டோபரில் தொடங்கும் வகுப்பில் அவளுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஜூலை முப்பத்தொன்றுக்குள் சம்மதம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் இடம் வேறொருவருக்குப் போகும். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. நடையின் வேகம் மாறவில்லை.

"இன்னைக்கு என்ன தேதிப்பா?"

"இருபது."

"தந்தி குடுத்தா எத்தன நாள்ல போகும்?"

"ரெண்டு நாள் போதும்."

"அப்ப நீங்க போங்க. எனக்கு இன்னும் பதினேழு சுத்து இருக்கு."

என் பெண் அப்படிப்பட்டவள் என்று அதுவரை எனக்கே முழுதாகத் தெரியாது. இதை எழுதும்போது என் நெஞ்சு நிமிர்கிறது. அம்பாள் அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ள மாட்டாள்.

தபால் ஆபீசில் தந்திப் பாரத்தை நிரப்பிக் கொடுத்தேன். அங்கிருந்தவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "என்ன அண்ணாச்சி, வழக்கமா நாலு வார்த்தைல ஊரையே சொல்லிருவீக. இது ரயில் மாதிரி நீளமா இருக்கு."

"எல்லாம் வேணும். ஒண்ணையும் வெட்டாதீக" என்றேன். என் பெயர், தெரு, கதவு எண், தாலுகா, ஜில்லா, எல்லாம் அதில் இருந்தது.

மாலையில் அக்காள் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். "வாக்குன்னா ரெண்டு பக்கத்துக்கும்தான்" என்றாள். மகனுக்கு அடுத்த தையில் வேறிடத்தில் பெண் எடுத்தாள். ஆவணி பிறந்ததும் நாங்கள் கோமதியை ரயிலேற்றினோம். ஸ்டேஷனில் அக்காள் ஒரு டப்பா நிறையக் கருப்பட்டி மிட்டாய் கொண்டுவந்து கொடுத்தாள். "பல்லுக்கு ஆகாதுன்னு பாடம் நடத்தாம தின்னு" என்றாள். சங்கரன்கோவில் ஸ்டேஷனிலிருந்து படிப்புக்காகச் சீமைக்குக் கிளம்பிய பெண்ணை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. மறுநாள் பத்திரிகைக்கு இதைச் செய்தியாக எழுதவா என்று யோசித்தேன். சொந்த மகளைப் பற்றி எழுதுவது முறையல்ல என்று விட்டுவிட்டேன். இன்று இந்தச் சாட்சியில் எழுதுகிறேன்.

பம்பாயில் கப்பல் ஏறினாள். சீமைக்குப் போய்ச் சேர்ந்து எழுதிய முதல் பெரிய கடிதத்தில் குளிரைப் பற்றி இரண்டு வரி இருந்தது. மீதி எல்லாம் பாடம். மெழுகுக் கட்டி ஒன்றைக் கொடுத்து, பல்லைப் பார்த்து அதே மாதிரி செதுக்கச் சொல்வார்களாம். முதல் வாரம் அவளுடையது உடைந்துவிட்டதாம். ஆறாம் வாரம் ஆசிரியர் அவளுடையதைக் கையில் எடுத்து வகுப்புக்கே காட்டினாராம். "இங்கே ஒரு சௌகரியம் அப்பா, வகுப்பில் கோமதி நான் ஒருத்திதான்" என்று முடித்திருந்தாள். என் மனைவி அந்தக் கடிதத்தை எத்தனை முறை படிக்கச் சொன்னாள் என்று கணக்கில்லை.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் இது அரைச் செய்தியாகிவிடும். பினாங்குக்கார அம்மாளுக்காக நான் அந்த வருஷமே எழுதத் தொடங்கினேன். பினாங்கில் உள்ள தமிழ்ப் பத்திரிகைகளுக்கும், சங்கங்களுக்கும், அரசாங்கத்துக்கும் எழுதினேன். சில பதில்கள் வந்தன. யாருக்கும் தெரியவில்லை. இன்றுவரை அவள் கணவர் உயிரோடு இருக்கிறார் என்றும் செய்தி இல்லை, இல்லை என்றும் செய்தி இல்லை. என் மகள் கேட்டது கிடைத்தது. அந்த அம்மாள் கேட்டது கிடைக்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. ஒரு ஆடியில் இதை அவளிடமே சொன்னேன், கூச்சத்தோடு.

அவள் சொன்னாள்: "நான் கேட்டது அவுக வரணும்னுதான் அண்ணாச்சி. ஆனா அந்த ஒண்ணரை மாசம் தனியாக் கெடந்தேன் பாருங்க, இப்ப அப்படி இல்ல. ஒங்க வீட்டம்மா வந்து பேசிக்கிட்டு இருக்காக, நீங்க எழுதுதீக. அம்பாள் எனக்குக் கொஞ்சம் குடுத்திருக்கா. மிச்சத்தையும் கேப்பேன். விடுவேனா?"

அந்தப் பேச்சில் இருந்த நம்பிக்கை எனக்கு வர இன்னும் பல சுற்று நடக்க வேண்டும்.

என் மகள் படித்து முடித்து, அங்கேயே ஒரு வருஷம் வேலை பார்த்து, திரும்பி வந்தாள். சென்னையில் இருக்கச் சொன்னவர்கள் உண்டு. அவள் ஊருக்குத்தான் வந்தாள். கீழ ரத வீதியில் ஒரு கடை அறையை எடுத்து நாற்காலி போட்டாள். திறந்த அன்று பனவடலிசத்திரத்திலிருந்து காடு கரை வைத்திருக்கும் ஒரு சம்சாரி வந்தார். துண்டைத் தாடையோடு சேர்த்துக் கட்டியிருந்தார்.

"டாக்டர் ஐயா எங்கம்மா?"

"நான்தான் டாக்டர். உக்காருங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையை அசைத்தேன். மறுபடியும் அவளைப் பார்த்தார். "புடுங்கணுமா தாயி?"

"வேண்டாம் ஐயா. இது நிக்கும். காப்பாத்திருவோம்."

அவர் துண்டை அவிழ்த்துவிட்டு வாயைத் திறந்தார். நான் வெளியே வந்து வீதியில் நின்றேன். தேர் வரும் திசையில் கோபுரம் தெரிந்தது. கும்பிட்டேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

படிக்கிற உங்களில் பலருக்கு இப்போது ஏதோ ஒரு செய்தி வராமல் இருக்கும். வாசலைப் பார்த்துப் பார்த்துக் கண் சலித்திருக்கும். என்ன கேட்பது என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எனக்கும் தெரியவில்லை. அம்பாளுடைய வலியில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ள வாருங்கள். நம்முடையதை அவள் பார்த்துக்கொள்வாள். ஆடியில் கொடியேறிய பிறகு காலை வேளைகளில் நான் வெளிப்பிரகாரத்தில் நடந்துகொண்டிருப்பேன். பேப்பர்க்காரர் என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். எனக்கு மூட்டு வலி வந்துவிட்டது, மெதுவாகத்தான் நடக்கிறேன். கூட வாருங்கள், சேர்ந்து நடப்போம்.